ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காத மருந்து

சாயங்காலம் ஊற வை, மறுநாள் சாயங்காலம் அடி, மிச்சத்தை எடுத்து வைக்காதே. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு எங்க பக்கம் சொல்லுற விதி இவ்வளவுதான். ஏன் வைக்கக் கூடாதுன்னு கேட்டா "வீரியம் போயிடும்"னு ஒரே வார்த்தையில் முடிச்சுடுவாங்க. அந்த வீரியம் எங்கே போகுது, அதைப் போகாம பிடிச்சு வைக்க யார் யார் பாடுபட்டாங்க, அதுக்காக எந்த நாட்டில் வழக்கு நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

எங்க ஊர் பொன்னேரி தாலுக்கா. கொல்லை மேட்டில் ஏறி நின்னா தெற்கே அத்திப்பட்டு, வள்ளூர் அனல்மின் நிலையங்களோட புகைபோக்கி வரிசையாகத் தெரியும். அதைத் தாண்டி எண்ணூர், மணலி, திருவொற்றியூர். உங்களுக்கு வட சென்னை என்பது பட்டணத்தோட கடைசி. எங்களுக்கு அதுதான் பட்டணத்தோட வாசல். நாங்க வாங்குற உரமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருது, எங்க தண்ணியும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் போச்சு. வேப்பங்கொட்டைக் கதையிலும் அந்த இடங்கள் வரும்.

முதலில் கரைசல் எப்படிச் செய்யுறது என்று சொல்லிடுறேன். நல்லா காய்ந்த வேப்பங்கொட்டையை உடைச்சு, ஓட்டை நீக்கி, பருப்பு 5 கிலோ எடுத்து இடிச்சுத் தூளாக்கணும். 10 லிட்டர் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறவிட்டா பால் மாதிரி வெளுத்து நிக்கும். மெல்லிய துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுறதுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கணும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 5 சதவீதக் கரைசல் இதுதான். பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல்தான் அடிக்கணும், எட்டு மாசத்துக்கு மேல் பழசான கொட்டையை எடுக்கக் கூடாது, அன்னன்னிக்குச் செய்த கரைசலைத்தான் பயன்படுத்தணும் என்று அவங்களும் சொல்றாங்க. எங்க ஆயா பல்கலைக்கழகம் பக்கம் போனவங்க இல்லை. அவங்களும் புதுக் கொட்டையைத்தான் தேடுவாங்க.

இந்த இடத்தில் ஒண்ணு சொல்லணும். "இதெல்லாம் நம்ம முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சது"ன்னு மேடையில் பேசுறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். பாதி உண்மை. நெல் குதிரில் வேப்பிலை போடுறது, வயலுக்கு வேப்பம்புண்ணாக்கு இடுறது, புண்ணுக்கு எண்ணெய் தடவுறது எல்லாம் தலைமுறை தலைமுறையா இருந்தது. ஆனா தெளிப்பானைத் தோளில் மாட்டி 5 சதவீதக் கரைசல் அடிக்கிறது அப்படி இல்லை. எங்க நைனா காலத்தில், ஆராய்ச்சிக்காரங்களும் விவசாயிகளும் சேர்ந்து உருவாக்கின பழக்கம் அது. அதனால் அதன் மதிப்பு ஒண்ணும் குறைஞ்சிடாது. எது எப்போ வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா, பின்னால் வரப்போற காப்புரிமைச் சண்டை சரியாகப் புரியும்.

வேம்புக்குள் என்ன இருக்குன்னு ஆய்வுக்கூடத்தில் முதலில் நல்லா தோண்டினவர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி. 1942-இல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்று மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்ததாக எழுதினார். பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் போய் அந்த நாட்டு விஞ்ஞானத்துக்கே பெரியவரானார். ஆனா அவர் பிரிச்ச பொருள்களில் பூச்சியை விரட்டும் முக்கிய ஆள் இல்லை.

அந்த ஆள் இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்தது வெட்டுக்கிளி. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி எல்லாத்தையும் மொட்டையடிச்சப்போ வேப்பமரம் மட்டும் பச்சையா நின்னதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனிச்சார். மூணு வருஷம் கழிச்சு, 1962-இல், டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளி வந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதான், ஜோத்வானி முதலானவர்கள் வேப்பம்பருப்பை வெறும் தண்ணியில் கரைச்சு, வெறும் 0.1 சதவீதம், பயிரில் அடிச்சாங்க. வெட்டுக்கிளி உட்கார்ந்தது, ஆனா தின்னலை. அதை எழுதி அச்சிலும் போட்டாங்க. இந்த அச்சுக்கு எவ்வளவு மதிப்புன்னு அப்போ யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மோர்கன் என்ற ரெண்டு பேர் அந்தப் பொருளைத் தனியா பிரிச்சாங்க. பேரு அசாடிராக்டின். வேம்போட தாவரவியல் பேரிலிருந்து வந்தது. அந்தப் பேரே பாரசீகத்தில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுன்னு சொல்வாங்க. பிரிச்சாச்சு, ஆனா அது எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்கவே 17 வருஷம். 1975-இல் கோஜி நகனிஷி குழு ஒரு வடிவம் சொன்னது. 1985-இல் மூணு ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து திருத்தினது. 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். அந்தப் பதினாறு ஆக்சிஜனை மனசில் வச்சுக்குங்க. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவர் இதைச் செயற்கையா உருவாக்க 22 வருஷம் எடுத்துக்கிட்டு 2007-இல் முடிச்சார். எழுபதுக்கும் மேலே படிகள். கடைசியில் கையில் நின்னது ஒரு சதவீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடலை. எங்க தெருவோர மரம் ஆனி, ஆடியில் கூடைக் கூடையா கொட்டுது.

இது பூச்சியை அடிச்சு விழத்தட்டுற மருந்து இல்லை. முதலில் தின்ன விடாது. தின்னுட்டா, புழு தோலுரிக்கிறதுக்கு உடம்பில் ஊறும் சுரப்பைக் குழப்பிடும். புழு தோலை உரிக்க முடியாம அதுக்குள்ளேயே சிக்கிச் சாகும். அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். மருந்தடிச்ச மறுநாள் காலையில் வந்து செத்த பூச்சியை எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு இது பிடிக்காது.

சரி, ஏன் ஒரு ராத்திரிக்கு மேல் வைக்க முடியலை? நான் சொன்ன பதினாறு ஆக்சிஜன்தான் காரணம். அந்த மூலக்கூறு பெரிய கோபுரம் மாதிரி, எடை 720. அதன் பாகங்கள் பல இடத்தில் ஆக்சிஜன் பாலத்தால் கட்டின கட்டு. எஸ்டர்னு ஒரு வகைக் கட்டு நாலு இடத்தில் இருக்கு. தண்ணி அந்தக் கட்டை மெல்ல அறுக்கும். தண்ணியில் காரம் இருந்தா வேகமா அறுக்கும். காரம் போட்டுக் கொழுப்பைக் காய்ச்சினா சோப்பாகுதே, அதுவும் எஸ்டர் அறுபடுறதுதான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இன்னொரு பக்கம் உடைக்கும். சூடு மூணாவது எதிரி.

கொஞ்சம் புளிப்பான தண்ணியில்தான் அது நிதானமா இருக்கும். பி.எச். அளவில் 4-லிருந்து 6 வரை. மோர்கனே பின்னாளில் தன் கூட்டாளிகளோட சேர்ந்து இதை அளந்து எழுதினார். ரொம்பப் புளிச்சாலும் உடையும், காரம் ஏறினாலும் உடையும். பி.எச். 10-க்குப் போயிட்டா சில மணி நேரக் கணக்குதான். மெத்தனால் மாதிரி கரைப்பானில் போட்டா அதிக நாள் தாங்கும். கொதிக்கிற தண்ணியில் போட்டா சீக்கிரமே போயிடும். வேப்பிலையைக் கொதிக்க வச்சு வடிகட்டி மாடித் தோட்டத்துக்கு அடிக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கலாம்.

கொட்டைக்குள்ளே மட்டும் அது மாசக்கணக்கில் இருக்கு. எண்ணெய்க்குள் பொதிஞ்சு, தண்ணி இல்லாம, இருட்டில். ஓடுதான் அதுக்குப் பாட்டில். அந்தப் பாட்டிலும் ஈரத்தில் கிடந்து பூசணம் பிடிச்சா கெட்டுப்போகும். அதனால்தான் பழத்தோலை அலசி நீக்கி, நிழலில் உலர்த்தி, காத்தோட்டமா சாக்கிலோ கூடையிலோ வைக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி வச்சா வேர்த்துப் போயிடும்.

இப்போ தண்ணி கதைக்கு வரேன். இதில் எங்க ஊரும் வட சென்னைத் தொழிற்சாலைகளும் ஒரே நூலில் கட்டியிருக்கு.

கொசஸ்தலை, ஆரணி ரெண்டு ஆத்துப் படுகையில் நிலத்தடியில் நல்ல தண்ணி இருக்குன்னு 1960-களின் நடுவில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோட ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கிணற்று வயல்கள் போட்டாங்க. கிணற்று வயல்னா கம்பு சோளம் விளையுற வயல் இல்லை, வரிசையா ஆழ்துளைக் கிணறு. அங்கே எடுத்த தண்ணி சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போச்சு. அந்தக் காலம்தான் அந்தப் பகுதி கிடுகிடுன்னு வளர்ந்த காலம். எண்ணூரில் பாரி கம்பெனியின் உரத் தொழிற்சாலை 1963-இல் வந்தது. மணலியில் சென்னை உர நிறுவனம், நாம எல்லாரும் எம்.எஃப்.எல்.னு சொல்றது, 1966-இல் தொடங்கி 1971-இல் உற்பத்திக்கு வந்தது. பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எங்க நைனா வாங்கின யூரியா மூட்டையில் 'விஜய்'னு போட்டிருக்கும், அது மணலிச் சரக்கு.

விவசாயிகளும் மோட்டார் வச்சு எடுத்தாங்க, பட்டணமும் எடுத்தது, தொழிற்சாலையும் எடுத்தது. 1969-லேயே மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி நிலத்தடியில் உள்ளே வர்றதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பிறகு வந்த வருஷங்களில் கடற்கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேலே அது நகர்ந்தது. நிலத்தடி நீரைப் பத்திப் படிக்கிற மாணவங்களுக்கு மீஞ்சூர் ஒரு பாடப்புத்தக உதாரணம். பிறகு மணலி ஆலைகள் சென்னைக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கின. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது, நாளைக்கு 10 கோடி லிட்டர். உள்ளே வந்த கடல் மட்டும் சுலபத்தில் திரும்பிப் போகலை.

இதுக்கும் வேப்பங்கொட்டைக்கும் என்ன சம்பந்தம்? உப்பு வேற, காரம் வேற, அது எனக்குத் தெரியும். ஆனா கடல் தண்ணியே பி.எச். 8-க்குக் கொஞ்சம் மேலே. எங்க போர் தண்ணியில் சோதனைக் காகிதத்தை நனைச்சா எட்டைத் தாண்டின நிறம்தான் வரும். வாளியில் வெள்ளை படியும். எங்க ஊரில் கரைசல் சீக்கிரம் வீரியம் இழக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆயா காலத்தில் ஏரித் தண்ணியில் ஊற வச்சாங்க, இப்போ நாங்க போர் தண்ணியில் ஊற வைக்கிறோம். விதி அதேதான், தண்ணி மாறிப்போச்சு. அதனால் கரைசலுக்குன்னு மழைத் தண்ணியை ஒரு டிரம்மில் பிடிச்சு மூடி வைக்கிறேன்.

இதுவரைக்கும் சொன்னது ஊர்க்கதை. இப்போ அமெரிக்காவுக்குப் போகணும், ஏன்னா "மிச்சத்தை வைக்காதே" என்கிற விதியை உடைக்கணும்னு நினைச்ச முதல் ஆள் அங்கேதான் இருந்தார்.

ராபர்ட் லார்சன். விஸ்கான்சின் மாநிலத்தில் மர இறக்குமதி வியாபாரி. வேம்பின் பெருமையைக் கேள்விப்பட்டு 1970-களின் தொடக்கத்திலிருந்தே இந்தியாவிலிருந்து வேப்பங்கொட்டையை வரவழைச்சு ஆராய்ச்சி பண்ணினார். வியாபாரி என்பதால் அவருக்குப் பிரச்சினை எங்கேன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. மருந்து வேலை செய்யுதா என்பது கேள்வியே இல்லை. கடை அலமாரியில் எத்தனை மாசம் நிக்கும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க விவசாயி ராத்திரி உட்கார்ந்து கொட்டை இடிக்க மாட்டார். லார்சன் சாராயத்தில் சாறு எடுத்து, அதோட புளிப்பை பி.எச். 3.5-க்கும் 6-க்கும் நடுவில் கட்டி வச்சார். 'மார்கோசான்-ஓ'ன்னு பேரு. 1985-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதுக்கு அனுமதி கொடுத்தது, அதே வருஷம் காப்புரிமையும் கிடைச்சது. அந்தக் காப்புரிமையின் தலைப்பிலேயே "நிலையான" என்கிற சொல் இருக்கு. 1988-இல் அவர் அதை டபிள்யூ.ஆர்.கிரேஸ் என்கிற பெரிய ரசாயனக் கம்பெனிக்கு வித்துட்டார்.

கிரேஸ் கம்பெனி 1992-இல் இன்னொரு காப்புரிமை வாங்கினது. அதோட விஷயமும் சேமிப்பில் நிலைக்கும் அசாடிராக்டின். தண்ணியைக் குறைச்சு, மூலக்கூறை அறுக்காத கரைப்பானில் வைக்கிற வழி. கர்நாடகத்தில் தும்கூரில் ஒரு இந்தியக் கம்பெனியோட சேர்ந்து நாளைக்கு 20 டன் கொட்டையைப் பதப்படுத்துற ஆலையும் வந்தது. அப்போதான் இந்தியாவில் தீ பிடிச்சது. "வேம்புக்கே காப்புரிமை வாங்கிட்டாங்க"ன்னு ஊர் ஊராக் கூட்டம். கர்நாடக விவசாயிகள் சங்கம் தெருவுக்கு வந்தது.

பிரபலமான வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. வேப்பெண்ணெயால் செடியில் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் கிரேஸும் சேர்ந்து வாங்கின காப்புரிமை, 1994-இல் கொடுக்கப்பட்டது. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்டா ஆல்வோ, இயற்கை விவசாய இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோம், இவங்க மூணு பேர் தரப்பில் எதிர்ப்பு. முன்னாடியே இதைச் செய்து பார்த்த இந்தியக் கம்பெனிக்காரர் ஒருத்தரின் சாட்சியமும் எடுபட்டது. 2000 மே மாசம் மியூனிக்கில் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு 2005 மார்ச் 8-இல் தள்ளுபடி. அன்னைக்கு எங்க உரக்கடையில் யாரோ மிட்டாய் கொடுத்தாங்கன்னா நம்புவீங்களா? கொடுத்தாங்க.

வெற்றி பெரிய வெற்றிதான், நான் குறைச்சுப் பேசலை. ஆனா என்ன ஜெயிச்சோம் என்பதைப் பத்திரிகைகள் சரியாகச் சொல்லலைன்னு எனக்கு ஒரு எண்ணம். ரத்தானது பூஞ்சைக்கான எண்ணெய்க் காப்புரிமை. அசாடிராக்டினை அலமாரியில் நிறுத்தி வைக்கும் அமெரிக்கக் காப்புரிமைகள் அந்தத் தீர்ப்பால் விழலை. அவை தங்கள் காலம் முடிஞ்சு தானா காலாவதியாச்சு. அவற்றை "நம்ம பாட்டி அறிவைத் திருடினது"ன்னு ஒரே வரியில் சொல்லிட முடியாது. நம்ம பாட்டி மறுநாளுக்கு வைக்காதேன்னு சொன்னாங்க. லார்சன் ரெண்டு வருஷத்துக்கு எப்படி வைக்கிறதுன்னு பார்த்தார். ரெண்டும் வேற வேற அறிவு.

ஆனா ஒண்ணு. அந்த ரெண்டாவது அறிவு யாருக்குத் தேவை? மரம் வாசலில் இருக்கிறவனுக்குத் தேவையில்லை. கொட்டையை ஓரிடத்தில் சேர்த்து, இன்னோரிடத்தில் சாறு எடுத்து, மூணாவது இடத்தில் விக்கிறவருக்குத்தான் தேவை. கரைசல் உடையாம இருந்தாத்தான் அது சரக்கு. உடைஞ்சா அது வீட்டு வேலை. இந்தச் சின்ன வேதியியலில்தான் மொத்த வியாபாரமும் நிக்குது.

உடையாத மருந்துகள் என்ன செய்ததுன்னும் பார்த்தாச்சு. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும்னு 1939-இல் பால் முல்லர் கண்டுபிடிச்சார், 1948-இல் நோபல் பரிசு. அதோட பெருமையே வெயிலுக்கும் மழைக்கும் உடையாம நிக்கும் என்பதுதான். பிறகு தாய்ப்பால் வரைக்கும் அது நிக்குதுன்னு தெரிஞ்சப்போ அதே குணம்தான் குற்றமாச்சு. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாசம் நிறுத்தினது வரைக்கும் நாங்க அடிச்சோம். கத்திரிக்கு அடிச்ச கையோட சந்தைக்குப் போன காய்களை நீங்களும் சாப்பிட்டிருப்பீங்க. வேப்பங்கரைசல் அடிச்ச செடியில் நாலஞ்சு நாள் வெயிலுக்கு அசாடிராக்டின் பெரும்பாலும் போயிடும். காய் பறிக்கிறப்போ பயம் இல்லை. விவசாயிக்கு இது திரும்பத் திரும்ப அடிக்கிற வேலை, சாப்பிடுறவருக்கு நிம்மதி.

நம்ம பக்கம் இந்தப் பாட்டில் கதையின் நாயகன் யாருன்னு கேட்டா, பாரிமுனைக்கே பேர் கொடுத்தவங்கதான். தாமஸ் பாரி 1788-இல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் வழியில் வந்த ஈ.ஐ.டி. பாரி, எண்ணூரில் உரம் செய்ததோட, கடலூர் பக்கம் தியாகவல்லியில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் எடுக்கும் ஆலையும் நடத்தினது. அங்கே எடுத்தது வெளிநாட்டுக்கும் போச்சு. 2003-இல் எண்ணூர் உர ஆலை கோரமண்டல் கம்பெனிக்குக் கைமாறியது. 2018-இல் வேம்பு மருந்துத் தொழிலும் அதே கம்பெனிக்குப் போனது. ரெண்டும் ஒரே முருகப்பா குழுமம்தான். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கடியில் போன குழாயில் அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம் ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்களே, அந்த ஆலைதான் அந்த உர ஆலை. ஒரே கம்பெனியின் ஒரு கையில் அம்மோனியா, இன்னொரு கையில் வேம்பு. இதை நான் குறையாச் சொல்லலை, இந்தக் கடற்கரையோட சரித்திரமே அப்படித்தான் கலந்து கிடக்கு.

மணலியிலும் வேம்பு நுழைஞ்சிருக்கு. அஞ்சு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ராத்திரி வச்சு மறுநாள் வயலுக்குப் போடுவாங்க எங்க நைனா. வேம்பில் இருக்கிற கசப்பு, மண்ணில் யூரியா சீக்கிரம் நைட்ரேட்டா மாறி ஓடிப்போறதைத் தாமதப்படுத்தும். 2015-இல் நாட்டில் தயாராகிற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வரணும்னு அரசு ஆணை போட்டது. இப்போ மணலி மூட்டையும் அப்படித்தான் வருது. சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணெய் 0.035 சதவீதம். ஒரு டன்னுக்கு 350 கிராம். நைனா டன்னுக்கு 200 கிலோ புண்ணாக்கு போட்டார். எண்ணெயும் புண்ணாக்கும் ஒண்ணில்லைதான், இருந்தாலும் கணக்கைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும்.

கணக்குன்னதும் இன்னொண்ணு. நல்ல பருப்பு ஒரு கிலோவில் 2-லிருந்து 6 கிராம் வரைக்கும் அசாடிராக்டின் இருக்கும். குறைந்தபட்சமே வைங்க, 5 கிலோவில் 10 கிராம். வெறும் தண்ணியில் பாதிதான் இறங்கும்னு வச்சாலும் 5 கிராம். அது 100 லிட்டரில் 50 பி.பி.எம். கடையில் விக்கிற 1500 பி.பி.எம். பாட்டிலை லிட்டருக்கு 5 மில்லி கலந்தா செடியில் விழுறது 7.5 பி.பி.எம். பாட்டிலில் ஒட்டுறதுக்கும் பரவுறதுக்கும் நல்ல சரக்கு சேர்த்திருப்பாங்க, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அன்னிக்கே செய்து அன்னிக்கே அடிக்கிறதில் என்ன பலம் இருக்குன்னு தெரியுதில்லையா.

அந்தப் பாட்டிலும் கடையில் எப்படி இருக்குன்னு பார்க்கணும். நான் வழக்கமாப் போற கடைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே நின்னா நமக்கே மயக்கம் வரும். வேப்பமருந்துப் பாட்டிலை முன் வரிசையில், சூரியன் படுற கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வச்சிருப்பாங்க, பச்சை லேபிள் அழகா இருக்கும்னு. நான் கேட்டா பின்னால் இருட்டில் இருக்கிற பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பாரு. தயாரித்த தேதியைப் பார்த்து, புதுசா இருந்தா மட்டும் வாங்குவேன். கொட்டை கிடைக்காத மாசங்களில் எனக்கும் அது தேவைதான். சம்பாவில் கதிர் நாவாய்ப்பூச்சி வர்ற நேரத்தில் போன ஆடிக் கொட்டை இருக்கும், பரவாயில்லை. நவரை முடியுறப்போ கொட்டைக்கு எட்டு மாசம் தாண்டிப்போகும்.

இப்போ கொட்டை பொறுக்குறதே கஷ்டமாயிடுச்சு. பொறுக்குற பெரியம்மாக்கள் எங்க தெருவில் மூணு பேர்தான் மிச்சம். அவங்க பொறுக்குறதை வியாபாரி வீட்டு வாசலிலேயே எடை போட்டு எடுத்துட்டுப் போறார். ரோட்டை அகலப்படுத்துறப்போ வரிசையா நின்ன மரங்கள் போச்சு. லாரிகள் துறைமுகத்துக்குப் போற ரோடு, அகலமா இருந்தாகணும். மிச்சம் இருக்கிற மரத்தடியில் விழுற கொட்டை மேல் நிலக்கரித் தூசு. அலசி எடுத்தா உள்ளே பருப்பு நல்லாத்தான் இருக்கு.

மாடித் தோட்டம் வச்சிருக்கிறவங்க அடிக்கடி அளவு கேட்கிறீங்க. 50 கிராம் பருப்பை இடிச்சு, கால் லிட்டர் மழைத் தண்ணியில் அல்லது குடிக்கிற கேன் தண்ணியில் ராத்திரி ஊற வைங்க. வடிகட்டி ஒரு லிட்டராக்குங்க. துணி சோப்புத் தூள் வேண்டாம், அதில் காரம் அதிகம். நாலு பூந்திக்கொட்டையை ஊற வச்சுக் கசக்கி எடுத்த நுரைத் தண்ணியைச் சேருங்க, அது லேசான புளிப்பு, கரைசலுக்கு ஒத்துப்போகும். அதையும் அடிக்கப் போறதுக்கு முன்னாடிதான் சேர்க்கணும். வெயில் இறங்கினதும் இலைக்கு அடியிலும் படுற மாதிரி அடிங்க. வாரத்துக்கு ஒரு தடவை. மிஞ்சினா பக்கத்துத் தொட்டிக்கு ஊத்திடுங்க, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.